கரண்ட் வைக்கிற தம்பியா, பிசியோவா: இன்டர்ன்ஷிப்பை உருப்படியாக முடிக்க

பிசியோதெரபி ஓபிக்கு வரும் பெரியவர்கள் பலருக்கு அங்கே வெள்ளைக் கோட்டில் நிற்கும் மாணவர் ‘கரண்ட் வைக்கிற தம்பி’ அல்லது ‘கரண்ட் வைக்கிற பொண்ணு’. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் கண்டது அவ்வளவுதான்: சீட்டை வாங்கினார், பேடை ஒட்டினார், மெஷினைத் திருகினார், மணி அடித்ததும் கழற்றினார். நான்கு வருடம் உடற்கூறியலும் நரம்பியலும் படித்த ஒருவர் இன்டர்ன்ஷிப் முழுவதையும் இப்படியே கழித்துவிட்டுச் சான்றிதழோடு வெளியே போக முடியும். போகிறவர்கள் நிறைய.

தமிழ்நாட்டில் பிபிடி என்னும் பிசியோதெரபி இளநிலைப் பட்டம் என்றால் 4 ஆண்டுப் படிப்பு, பிறகு 6 மாதக் கட்டாய இன்டர்ன்ஷிப் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 2021-ல் வந்த மத்தியச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்பை ஓராண்டாக்குகிறது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ, பழக வேண்டியது ஒன்றுதான். தொடுவதற்கு முன் அள; சிகிச்சை கொடு; மறுபடி அள; மாறவில்லை என்றால் ஏன் என்று கேள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்தச் சுற்றை ஒவ்வொரு போஸ்டிங்கிலும், அதாவது ஒவ்வொரு பிரிவிலும் வேலை பார்க்கும் காலத்தில், எப்படி ஓட்டுவது என்பதைப் பற்றித்தான்.

பையில் இருக்க வேண்டியவை

மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர், இஞ்ச் டேப், முட்டி தட்டும் சுத்தியல், ஸ்டெதஸ்கோப், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கொஞ்சம் பஞ்சு, பல் குத்தும் குச்சி, சட்டைப் பையில் அடங்கும் நோட்டு. குச்சி ஏனென்றால், கூர் உணர்வைச் சோதிக்க ஊசியை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோகக் கூடாது. குச்சியை ஒரு நோயாளியோடு தூக்கி எறிந்துவிடலாம். முடிந்தால் பாதத்தில் தொடு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழை, 10 கிராம் மோனோஃபிலமென்ட், ஒன்று வாங்குங்கள். சர்க்கரை நோயாளிகள் இத்தனை பேர் வரும் ஊரில் அது தினமும் கைக்கு வேலை கொடுக்கும். நகத்தை வெட்டுங்கள். கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். தோல் மெலிந்த பாட்டியின் கையை மோதிரம் கிழித்துவிடும்.

முதல் இரண்டு வாரம்: அளவு

கல்லூரியில் கோனியோமீட்டர் பிடித்திருப்பீர்கள், நண்பரின் ஒல்லியான முட்டியில். வார்டில் இருப்பது வீங்கிய, கட்டுப் போட்ட, வலிக்கிற முட்டி. அச்சை முட்டியின் வெளிப்பக்கக் குமிழில் வையுங்கள். கோனியோமீட்டரின் அசையாத கை தொடை எலும்பின் மேல் வெளிமுனையான கிரேட்டர் ட்ரோகான்டரை நோக்கவேண்டும், அசையும் கை வெளிக்கணுக்கால் எலும்பை நோக்கவேண்டும். மூன்று இடத்தையும் விரலால் தொட்டு உறுதி செய்த பிறகே வாசியுங்கள். புடவைக்கோ பேன்ட்டுக்கோ மேலே வைத்து அளந்த எண் எதற்கும் உதவாது.

உங்கள் கை சரியாக இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி: நீங்களும் சக இன்டர்னும் ஒரே முட்டியைத் தனித்தனியே அளந்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுங்கள். வித்தியாசம் 5 டிகிரிக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் இருவரில் ஒருவர் எலும்பு முனையைத் தவறவிடுகிறார். நேற்று நீங்கள் 60 என்றும் இன்று அவர் 70 என்றும் எழுதினால், நோயாளி முன்னேறினாரா, அளந்த கை மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

தோளில் வேறொரு ஏமாற்று உண்டு. கையை மேலே தூக்கச் சொன்னால் முதுகை வளைத்து, விலா எலும்பைத் தள்ளி 150 டிகிரி காட்டிவிடுவார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி வைத்து அளந்தால் உண்மை வெளிவரும். உறைந்த தோளா என்று சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து முன்னங்கையை வெளியே திருப்பும் அசைவை. அதுதான் முதலில், அதிகமாகக் குறையும். வெளித்திருப்பம் முழுதாக இருந்து தூக்க மட்டும் முடியவில்லை என்றால் வேறு காரணம் தேடுங்கள்.

தசை வலிமையை 0 முதல் 5 வரை தரம் போடும்போது நடுவில் இருக்கும் 3-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்: புவியீர்ப்பை எதிர்த்து முழு வீச்சு அசைகிறதா? அசைந்தால் 3, பிறகு எதிர்ப்புக் கொடுத்து மேலே போகலாம். அசையவில்லை என்றால் பக்கவாட்டில் படுக்கவைத்துப் புவியீர்ப்பை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாத் தசைக்கும் 2 என்றும் 3 என்றும் எழுதிக்கொண்டு போவது இன்டர்ன்களின் வழக்கமான தவறு. இறுக்கம் ஏறிய பக்கவாதக் கையில் இந்தத் தர எண்ணை நம்பவே வேண்டாம். அங்கே என்ன செய்ய முடிகிறது என்று எழுதுவதுதான் பயன்.

நோயாளி சொல்லும் சொல்

பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, வலி தமிழில் இருக்கிறது. இன்டர்ன்ஷிப்பில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். இதற்கென்று தனி வகுப்பும் கிடையாது.

‘நரம்பு இழுக்குதுங்க’ என்பதை அப்படியே சயாட்டிகா என்று எழுதிவிடாதீர்கள். அது கெண்டைக்கால் பிடிப்பாக இருக்கலாம், தொடைப் பின்தசை இறுக்கமாக இருக்கலாம், நரம்பு வேர் அழுத்தமாகவும் இருக்கலாம். ‘எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, விரலால கோடு போட்டுக் காட்டுங்கம்மா’ என்று கேளுங்கள். கோடு முட்டிக்குக் கீழே இறங்கி, இருமினாலோ தும்மினாலோ சுரீரென்று வந்தால் நரம்பு வேரைச் சந்தேகியுங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றாலே விட்டுவிடுகிறது என்றால் பாதத்தின் மேல்பக்க நாடியைத் தொட்டுப் பாருங்கள். கோளாறு ரத்தக் குழாயில் இருக்கலாம். நின்றால் போகாமல், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் விடுகிறது என்றால் முதுகுத்தண்டுக் குழாய் சுருக்கம் நினைவுக்கு வரவேண்டும். ஒரே ‘இழுக்குது’, மூன்று வெவ்வேறு நோய்கள்.

‘கை கால் இழுத்துக்கிச்சு’ இன்னும் ஆபத்தானது. சில வீடுகளில் அது பக்கவாதம், சில வீடுகளில் வலிப்பு. ‘இழுத்தப்ப உடம்பு உதறுச்சா, இல்ல தொவண்டு போச்சா? நினைவு இருந்துச்சா?’ என்று கூட இருந்தவரைக் கேட்டால் தெளிவாகிவிடும்.

‘மரத்துப் போகுது’ என்றால் உணர்வே இல்லையா, ஊசி குத்துகிறதா, வெறும் கனமா? பஞ்சை எடுத்துத் தொட்டுக் கேட்காமல் எழுதாதீர்கள். ‘மயக்கமா வருது’ என்றால், அறை சுற்றுகிறதா என்று முதலில் கேளுங்கள். படுக்கையில் புரளும்போது சுற்றினால் உள்காது பக்கம் யோசிக்கலாம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் ரத்த அழுத்தம் பாருங்கள். ‘காலையில ஊசி போட்டேன், இன்னும் சாப்பிடல’ என்றால் உடற்பயிற்சியை நிறுத்திவிட்டுச் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஜவ்வு போயிடுச்சு’ என்பது முட்டியில் தசைநாராகவோ, குருத்தெலும்பு மெத்தையான மெனிஸ்கஸாகவோ இருக்கலாம், முதுகில் டிஸ்க்காக இருக்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் படிக்காமல் பதில் சொல்லாதீர்கள்.

‘வாய்வுப் பிடிப்பு’ என்று இடது தோளையோ நெஞ்சையோ காட்டுகிறவரைக் கட்டிலில் ஏற்றி ஒத்தடம் வைத்துவிடக் கூடாது. வியர்த்ததா, மூச்சு வாங்குகிறதா, படி ஏறினால் வந்து உட்கார்ந்தால் போகிறதா? ஆம் என்றால் அன்றைக்கு அவர் போக வேண்டிய இடம் உங்கள் துறை இல்லை.

வலிக்கு 0 முதல் 10 வரை எண் கேட்டால் பல பெரியவர்கள் திகைப்பார்கள், அல்லது மரியாதைக்காக ‘அஞ்சு’ என்பார்கள். ‘மொத நாள் வலி நூறு ரூபாய்னா இன்னிக்கு எவ்வளவு ரூபா மிச்சம் இருக்கு?’ என்று கேட்டால் சரியான பதில் வரும். ஆனால் அது எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு; இன்றைய வலியின் அளவு அல்ல. ‘நாப்பது’ என்றால் கேஸ் ஷீட்டில் ‘முதல் நாளை ஒப்பிட 40 சதவீதம் மிச்சம்’ என்று எழுதுங்கள். 4/10 என்று மாற்றி எழுதினால் அடுத்து படிப்பவர் ஏமாறுவார்.

தொடுவதற்கு முன் எங்கே, எதற்கு என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். பெண் நோயாளியாக இருந்தால் திரை, போர்வை, கூட ஒரு பெண். ‘அந்த பெட் 14 முட்டி’ என்ற பேச்சு வார்டில் சகஜம். நோயாளி காதில் விழாதபடி பேசுவதைவிட அப்படிப் பேசாமல் இருப்பது சுலபம்.

நோட்டில் என்ன எழுதுவது

‘நோயாளி நலம். அதே சிகிச்சை தொடர்க.’ இந்த வரி இருக்கும் கேஸ் ஷீட்டிலிருந்து யாரும் எதையும் கற்க முடியாது. முட்டி மாற்று அறுவை முடிந்த 3-ம் நாள் குறிப்பு இப்படி இருந்தால் நல்லது:

‘ராத்திரி கடுத்தது, காலையில் பரவாயில்லை என்கிறார். வலி ஓய்வில் 3, மடக்கும்போது 6. மடக்கம் 70 டிகிரி, நேற்று 60. பிறர் நீட்டினால் 15 டிகிரி பாக்கி, தானே நீட்டினால் 25 டிகிரி பாக்கி, நேற்றும் இதே. வாக்கரில் 12 மீட்டர், பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும். கெண்டைக்காலில் வீக்கம், சூடு இல்லை. மடக்கம் ஏறுகிறது, நீட்டம் ஏறவில்லை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணையை எடுத்தாயிற்று, குதிகாலுக்கு அடியில் துண்டுச் சுருள் 10 நிமிடம், நாளுக்கு 4 முறை. மகளுக்கும் காட்டியாயிற்று. நாளை நீட்டம் மறுபடி அளக்க.’

அந்தத் தலையணைதான் இங்கே சிகிச்சை. வலி குறைகிறதே என்று எல்லா வீட்டிலும் முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். இரண்டு நாள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. அளவு எடுப்பது சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு குறிப்பை இரண்டு முறை படித்துப் பார்க்கலாம்.

இலக்கை எண்ணாக மட்டும் எழுதாதீர்கள். ‘90 டிகிரி மடக்கம்’ என்பதை நோயாளி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க ஏறக்குறைய அவ்வளவு மடக்கம் வேண்டும் என்று சொன்னால் புரியும். வீட்டில் எந்தக் கழிப்பறை, எத்தனை படி, குளியலறை வாசலில் எவ்வளவு உயரத் தடுப்பு, டவுன் பஸ்ஸா ஷேர் ஆட்டோவா, தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரா என்று முதல் நாளே கேளுங்கள். குத்தவைத்து உட்கார 130 டிகிரி தாண்டி மடங்க வேண்டும். மாற்று மூட்டு பொருத்தியவருக்கு அது வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அப்படியானால் டிஸ்சார்ஜுக்கு முன்பே கழிப்பறை நாற்காலி பேச்சு வந்துவிட வேண்டும்.

மெஷின்

கரண்ட் வைப்பதை இழிவாக நினைத்து அலட்சியமாகச் செய்கிறவர்கள்தான் தீக்காயம் உண்டாக்குகிறார்கள். எந்தச் சூட்டுச் சிகிச்சைக்கும் முன் இரண்டு சோதனைக் குழாயில் சூடும் குளிரும் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, அந்த இடத்தில் தொட்டுக் கேளுங்கள். சர்க்கரை நோயாளி ‘சூடே தெரியலையே, இன்னும் கொஞ்சம் வைங்க’ என்று கேட்பார். கேட்பதே எச்சரிக்கை. ஈர ஒத்தடப் பை கொதிகலனில் 70-லிருந்து 75 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதற்கும் தோலுக்கும் நடுவே 6 முதல் 8 மடிப்புத் துண்டு இருக்கவேண்டும். நேரம் 15 முதல் 20 நிமிடம், 5 நிமிடத்தில் ஒரு முறை தூக்கித் தோலைப் பாருங்கள். நோயாளியைப் பைமேல் படுக்கவைக்காதீர்கள். உடல் எடை துண்டை அழுத்திவிடும், சூடு நேராக ஏறும்.

மின்காந்த அலையால் சூடேற்றும் ஷார்ட்வேவ் போடும்போது உலோகம் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கெங்கே இருக்கும் என்பதுதான் மறந்துபோகும். மெட்டி, அரைஞாண், தாயத்து, சட்டைப் பித்தான், கொக்கி, காது கேட்கும் கருவி, உடலுக்குள் பிளேட், பேஸ்மேக்கர். தாலிச் செயினைக் கழற்ற மனமில்லாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கழுத்துக்கும் தோளுக்கும் வேறு வழி எத்தனையோ இருக்கிறது. நைலான் புடவை வியர்வையை இழுக்காது, ஈரம் தேங்கிய இடத்தில் சுடும். பருத்தித் துண்டால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அல்ட்ராசவுண்டில் ஆழமான இடத்துக்கு 1 மெகாஹெர்ட்ஸ், மேலோட்டமான இடத்துக்கு 3 மெகாஹெர்ட்ஸ். மெஷினின் தலையை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் எலும்புச் சவ்வில் சுரீரென்று வலிக்கும். மெஷின் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தத் தலையை மேல்நோக்கிப் பிடித்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஓட்டம் இருந்தால் தண்ணீர் துள்ளும். வலிக்குக் கரண்ட் வைக்கும் ஐஎஃப்டியில் ‘எறும்பு கடிக்கிற மாதிரி’ ஓரிடத்தில் மட்டும் குத்தினால், மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டுப் பேடுக்கு அடியிலுள்ள ஈரப் பஞ்சைப் பாருங்கள். காய்ந்திருக்கும், அல்லது ஓரம் தூக்கியிருக்கும்.

போஸ்டிங்குகளில் எங்கே சறுக்கும்

எலும்புப் பிரிவில், கைத்தடி எந்தக் கையில் என்பதிலேயே பாதிப் பேர் குழம்புகிறார்கள். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். உயரம் மணிக்கட்டு மடிப்பு வரை, முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும்படி. அக்குள் ஊன்றுகோலுக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி. எடை உள்ளங்கையில் இறங்கவேண்டும், அக்குளில் தொங்கினால் நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கிப் போகும். படிக்கு ஒரு வரி போதும்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நொந்த கால் முன்னே.

அரசு மருத்துவமனை ஓபியில் புத்தூர் கட்டுப் போட்டு, நாட்கள் கழித்து முழங்கை இறுகி வரும் பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். அவர்களைத் திட்டுவதால் எதுவும் நீளாது. எக்ஸ்ரே பார்க்காமல் கை வைக்காதீர்கள். விரல்களில் உணர்வும் ரத்த ஓட்டமும் இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கையை ஆள் பலத்தால் நீட்டக் கூடாது, எண்ணெய் தேய்த்து உருவவும் கூடாது. முரட்டுத்தனமாக இழுத்தால் தசைக்குள் எலும்பு வளரும். அறிகுறி: நேற்றைவிட வலி கூடுகிறது, சூடாக இருக்கிறது, வீச்சு ஏறாமல் இறங்குகிறது, கையில் கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறது. உடனே நிறுத்திச் சொல்லுங்கள். பிள்ளை தானாக அசைக்கும் அசைவுதான் இங்கே மருந்து. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், பந்தைத் தள்ளிவிடச் சொல்லுங்கள்.

நரம்பியல் வார்டில் பக்கவாத நோயாளியின் தோளைப் பாதுகாப்பது முதல் வேலை. உறவினர் அவரை எழுப்பும்போது சோர்ந்த கையைப் பிடித்து இழுப்பார், வார்டு ஊழியர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார். தசை பிடிப்பில்லாத தோள் அப்படித்தான் இறங்கிப் போகிறது. கட்டிலுக்கு மேலே கப்பி கட்டி இரண்டு கையையும் இழுக்கச் சொல்வதும் தோள் வலியைக் கூட்டும். இடுப்பைப் பிடித்து எழுப்பக் கற்றுக்கொடுங்கள், அதுவும் நோயாளியின் மனைவிக்கோ மகனுக்கோ கற்றுக்கொடுத்து, அவர்களே ஒரு முறை செய்து காட்டும்வரை பாருங்கள். தசை இறுக்கத்துக்கு ஆஷ்வொர்த் தரம் போடும்போது அந்த அசைவை ஏறக்குறைய ஒரு நொடியில் முடிக்கவேண்டும். ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் வேகமாகவும் செய்தால் தரம் மாறிக்கொண்டே இருக்கும்.

தண்டுவடக் காயம் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். வேலூர் பாகாயத்தில் 1966-ல் புனர்வாழ்வு நிலையத்தைத் தொடங்கிய மருத்துவர் மேரி வர்கீஸ், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தே அறுவைச் சிகிச்சை செய்தவர். தண்டுவடக் காயம்பட்டவர்களில் நெஞ்சின் 6-ம் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை பிளக்கிற வலி, முகச் சிவப்பு, வியர்வை வந்தால் பயிற்சியை விட்டுவிடுங்கள். ரத்த அழுத்தம் எகிறிக்கொண்டிருக்கிறது. படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள், சிறுநீர்ப் பையின் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும்.

ஐசியுவில் நோயாளியைத் தொடும் முன் இரண்டு நிமிடம் கட்டிலைச் சுற்றி நின்று பாருங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது, எது இழுபடும்? நெஞ்சுக் குழாய் பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை அடிவயிற்று மட்டத்துக்குக் கீழே. நடத்தும் அவசரத்தில் இவற்றைக் கட்டில்மேல் தூக்கி வைப்பது அடிக்கடி நடக்கிறது. ஆக்ஸிஜன் அளவு 90-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 30-க்குக் கீழ், வென்டிலேட்டர் ஆக்ஸிஜன் 60 சதவீதத்துக்குள், சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு மேல்: இவை இல்லாமல் உட்கார வைக்கலாமா என்ற கேள்வியே வேண்டாம். இவை இருந்தாலும் முதல் முறை மூத்தவர் அருகில் நிற்கவேண்டும். சளி உறிஞ்சுவது ஒரு தடவைக்கு 15 நொடி தாண்டக் கூடாது. உங்கள் மூச்சையும் அப்போது பிடித்துப் பாருங்கள், நேரம் தெரியும். இதய அறுவை முடிந்தவருக்கு இருமும்போது நெஞ்சோடு தலையணையை அணைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்க மறக்காதீர்கள்.

முதல் முறை எழுந்து நிற்கும் யாருக்கும், படுத்த நிலையிலும் நின்று 3 நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அன்றைக்கு நடை வேண்டாம்.

வீட்டுக்குச் சிகிச்சை கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. அதில் பிசியோவும் உண்டு. அத்தகைய வீட்டுப் பார்வைக்கு உடன் போக முடிந்தால் போங்கள். அங்கே ஐஎஃப்டி இல்லை, உயரம் கூட்டிக் குறைக்கும் கட்டில் இல்லை. கயிற்றுக் கட்டிலும் திண்ணையும் சொம்பும்தான் கருவி. பத்துப் பயிற்சி எழுதிக் கொடுத்தால் ஒன்றும் செய்ய மாட்டார்கள், மூன்று கொடுத்தால் இரண்டு நடக்கும். ‘காபிக்கு முன்னாடி பத்து, சீரியல் விளம்பரத்துக்குப் பத்து’ என்று நேரத்தோடு கட்டிவிடுங்கள்.

நிறுத்திச் சொல்ல வேண்டியவை

முதுகு வலியோடு சிறுநீர் கழிக்க முடியவில்லை அல்லது தெரியாமல் போகிறது, உட்காரும் இடம் மரத்துவிட்டது என்றால், அது அன்றே அறுவை நிபுணர் பார்க்க வேண்டிய அவசரம். கேட்கக் கூச்சப்பட்டு இந்தக் கேள்வியை விட்டுவிடுவதுதான் வழக்கம். இரவில் படுத்தாலும் குறையாத வலி, காரணமில்லா எடை குறைவு, காய்ச்சல், முன்பு புற்றுநோய் வந்திருப்பது: இவற்றில் ஏதும் இருந்தால் மெஷினைத் திறக்காதீர்கள். அறுவைக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் பிடித்துவிட வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கையால் தவறு நடந்தாலும் இதே விதிதான். தோல் சிவந்துவிட்டது, நோயாளி சறுக்கினார் என்றால் அந்த நிமிடமே மேற்பார்வையாளரிடம் சொல்லி, நேரம் போட்டு எழுதிவிடுங்கள். மறைத்த சிவப்பு மறுநாள் கொப்பளமாக வரும்.

மேற்பார்வையாளரிடம் ‘சார், இவருக்கு என்ன செய்யணும்?’ என்று போகாதீர்கள். ‘நீட்டம் மூணு நாளா 15-லயே நிக்குது, தலையணையை எடுத்தாச்சு; ஹேம்ஸ்ட்ரிங் இறுக்கம்னு நினைக்கிறேன், பாக்குறீங்களா?’ என்று போங்கள். எவ்வளவு வேலைநெருக்கடியிலும் இந்தக் கேள்விக்கு எழுந்து வருவார்கள். முந்தையதற்கு ‘ஐஎஃப்டி போடு’ என்பதுதான் பதில்.

அடுத்து என்ன

மூன்றாம் ஆண்டில் எல்லாரும் விளையாட்டு பிசியோ. கிரிக்கெட் அணியின் பின்னால் பை தூக்கி ஓடும் படம் மனத்தில் இருக்கும். அந்த வேலையில் முதலுதவியும் டேப்பிங்கும் வாரக்கடைசிப் பயணமும்தான் பெரும்பகுதி. அது பிடித்தால் தாராளமாகப் போகலாம். முடிவை மட்டும் லாக்புக்கைப் பார்த்து எடுங்கள். ஒவ்வொரு போஸ்டிங் கடைசி நாளிலும் அரைப் பக்கம் எழுதுங்கள்: எந்த நோயாளிக்காக வீட்டுக்குப் போய்ப் புத்தகம் புரட்டினேன்? எந்த வேலையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? எந்த இடத்தில் என் அளவு மாறியது, எதில் மாறவே இல்லை? கடைசியில் அந்தப் பக்கங்களை அடுக்கினால் எம்பிடி என்னும் முதுநிலைப் படிப்புக்கு எந்தப் பிரிவு என்பதற்கு விடை கிடைத்துவிடும். நரம்பியலில் மாற்றம் மாதக்கணக்கில் வரும், பொறுமை இல்லாதவருக்கு ஒத்துவராது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலை மட்டும் குறையவே குறையாது. இதய நுரையீரல் பிரிவு பிடித்தவர் பெரிய மருத்துவமனை உள்ள ஊரில்தான் வேலை தேட வேண்டும். குழந்தைகள் பிரிவுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் சிறப்புப் பள்ளிகளும் உண்டு. எம்பிடி 2 ஆண்டு. பிபிடி முடித்த கையோடு சேர்வதைவிட, பொது ஓபியில் ஒரு வருடமாவது வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்தால் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் தவறு குறைகிறது.

அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விடும். தமிழ்த் தகுதித் தாளும் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர் இன்டர்ன்ஷிப்பிலேயே காகிதம் சேர்க்கவேண்டும். வளைகுடா நாடுகளில் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் வழியாகச் சான்றிதழ்களை அவற்றை வழங்கிய இடத்திலேயே கேட்டுச் சரிபார்ப்பார்கள். பிரிட்டனில் எச்சிபிசியும் மற்ற நாடுகளின் பதிவு அமைப்புகளும் நீங்கள் என்ன படித்தீர்கள், எந்தப் பிரிவில் எவ்வளவு பயிற்சி பெற்றீர்கள் என்று விவரம் கேட்கும். ஐந்து வருடம் கழித்து அதை வாங்கக் கல்லூரிக்குப் போனால், கையெழுத்துப் போட்ட மேற்பார்வையாளர் வேறு ஊரில் இருப்பார்.

ஆகவே ஒவ்வொரு போஸ்டிங் முடியும் அன்றே, பிரிவின் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மணிக்கணக்கு, மேற்பார்வையாளர் கையெழுத்து, மருத்துவமனை முத்திரை ஆகிய ஆறும் உள்ள தாளை வாங்கிவிடுங்கள். பாடத்திட்ட நகலையும் மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்து ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். எல்லாத் தாளிலும் பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் அப்பா பெயர் பின்னாலும் இருந்தால், கல்லூரி அலுவலகத்தில் அதைத் திருத்த நல்ல நேரம் நீங்கள் இன்னும் அங்கே மாணவராக இருக்கும்போதுதான்.